விசர் நோயும் வீட்டு நாயும்

ஈராக் நாட்டின் தலைநகராகிய பக்தாத்துக்கு அண்மையில் தெல் ஹர்மால் என்னும் பழைய மண்மேடு ஒன்று உண்டு. 1940களில் அதனை அகழ்ந்த தொல்பொருள் ஆராய்ச்சியாளர், ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் சிலவற்றைக் கண்டெடுத்தனர். எசுனன்னா என்னும் நகர அரசின் சட்டங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அவை இற்றைக்கு ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கடன், கூலி, திருமணம், களவு என்பவற்றைப் பற்றிய விதிகளுக்கிடையே நாயைப் பற்றிய விதியொன்றும் இடம்பெற்றிருக்கிறது. ஒருவனுடைய நாய்க்கு விசர் பிடித்திருக்கிறதென ஊரதிகாரிகள் அறிவித்த பின்னும், அவன் அதனைக் காவாது விட, அது ஒரு மனிதனைக் கடித்து அம்மனிதன் இறப்பானாயின், நாய்க்கு உரியவன் 40 செக்கல் வெள்ளி தண்டமாக இறுத்தல் வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 செக்கல் போதுமாம்.

மனித உயிருக்கு இருவேறு விலை வைத்த அக்காலத்தின் கொடுமை ஒருபுறமிருக்க, அச்சட்டத்தை வகுத்தோர் அறிந்திருந்தவற்றை எண்ணி வியவாதிருக்க இயலாது. நாய்க்கு ஒரு நோய் உண்டு. அதன் கடி மனிதனைக் கொல்லும். அந்நோயைத் தடுக்கும் பொறுப்பு நாய்க்கு உரியவனைச் சார்ந்தது. இம்மூன்றில் முதலிரண்டையும் உலகம் மறக்கவில்லை. மூன்றாவதை மட்டும் நெடுங்காலம் மறந்திருந்தது. விசர் நாய்க்கடி நோயின் வரலாறு, பெரும்பாலும் அம்மறதியின் வரலாறே எனலாம்.

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டோட்டில், விசர் நாய் கடித்த விலங்குகள் யாவும் நோயுறும், மனிதன் மட்டும் தப்புவான் என்று எழுதிவைத்தார். அறிஞர் வாக்கும் பிழைக்கும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. உரோமாபுரியில் கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சசு என்பவர் கடிவாயைச் சுடுமாறு கூறினார். அது கொடியதாயினும் பொருளற்றதன்று. நஞ்சு உட்செல்லுமுன் அழிக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் நோய் முற்றி, நீரைக் கண்டஞ்சுபவனை எதிர்பாராத வேளையில் நீர்த்தொட்டிக்குள் தள்ளிவிடுமாறும் அவரே கூறினார். நோயாளி நீரை அஞ்சுவது மனமயக்கத்தால் மட்டுமன்று. விழுங்க முயலுந்தோறும் தொண்டைத் தசைகள் இறுகிப் பெருவேதனை தருகின்றன. நாளடைவில் நீரைக் காண்பதே அவ்வேதனையைத் தூண்டுகிறது. நீர்வெறுப்பு நோய் என்னும் பெயர் இதனாலேயே வந்தது. இந்நிலையை அடைந்தவர் பிழைப்பது இன்றும் அரிதினும் அரிது.

நோய் எதன் வழியே பரவுகிறது என்பது 1804ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. யேர்மனியரான சிங்கே என்பவர், விசர் நாயின் உமிழ்நீரை நலமுள்ள விலங்கின் காயத்தில் தடவி, அவ்விலங்கும் நோயுறுவதைக் காட்டினார். 1879இல் பிரான்சின் லியோன் நகர மிருக வைத்தியக் கல்லூரிப் பேராசிரியர் கால்ரியர், நோயை நாயிலிருந்து முயலுக்குக் கொண்டுவந்தார். ஆய்வுசாலையில் விசர் நாயைக் கட்டிவைத்து ஆராய்வதிலும் முயலை வைத்து ஆராய்வது எத்துணை எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்ரர் ஏறிச் சென்ற படிகளில் இது முக்கியமானது. எனினும் கால்ரியரின் பெயரை இன்று மிகச் சிலரே நினைக்கின்றனர்.

லூயி பாஸ்ரர், நோயுற்று மடிந்த முயலின் முண்ணாணை எடுத்து உலர்ந்த காற்றில் தொங்கவிட்டார். நாட் செல்லச் செல்ல அதன் நச்சாற்றல் குறைந்தது. மிக உலர்ந்ததிலிருந்து தொடங்கி, நாளொன்றுக்கு ஒருபடி வலியதாக நாய்களுக்கு ஊசிமூலம் ஏற்றினார். அந்நாய்களைப் பின்னர் விசர் நாய் கடித்தும் நோய் பற்றவில்லை. பிரான்சிய அரசு நியமித்த குழுவொன்று 1884இல் இதனைப் பரிசோதித்து உண்மையென ஏற்றது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று நோக்குதல் தகும். பாஸ்ரர் முதலிற் காப்பாற்றியது மனிதனையன்று, நாயையே. நாட்டிலுள்ள நாய்கள் யாவற்றுக்கும் நோய் அணுகாதவாறு செய்துவிட்டால் மனிதனுக்கு ஆபத்தே இராது என்பது அவர் உள்ளத்தில் இருந்த கருத்து. ஆயின் ஒரு நாய்க்கே பல நாட்கள் பல ஊசிகள் வேண்டியிருந்தன. நாடெங்குமுள்ள நாய்களுக்கு அதனைச் செய்வது எவ்வாறு? இயலாதெனக் கண்டு, அவர் வேறு வழியை நாடினார். நோய்க்கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை அடைவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்கள் செல்லும். அந்த இடைவெளிக்குள் கடியுண்டவனுக்கே ஊசி ஏற்றினால் என்ன?

1885ஆம் ஆண்டு யூலை 6ஆம் நாள், அல்சேசு மாகாணத்திலிருந்து யோசேப்பு மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவன் தாயுடன் பாரிசு வந்து சேர்ந்தான். இரு நாட்களுக்கு முன் விசர் நாயொன்று அவனைப் பல இடங்களிற் கடித்திருந்தது. பாஸ்ரர் மருத்துவரல்லர், இரசாயன அறிஞர். ஆகவே மருத்துவர்கள் ஊசியேற்ற, அவர் அருகில் நின்றார். 13 ஊசிகள் ஏற்றப்பட்டன. சிறுவன் பிழைத்தான். அடுத்த ஆண்டில் இரசியாவின் சிமொலென்ஸ்க் பகுதியிலிருந்து, ஓநாய் கடித்த 19 பேர் பாரிசு வந்தனர். அவர்களுள் 16 பேர் உயிரோடு நாடு திரும்பினர். உலகம் பாஸ்ரரைக் கொண்டாடியது. பொதுமக்கள் வழங்கிய நன்கொடையால் 1888இல் பாஸ்ரர் நிலையம் பாரிசிற் திறக்கப்பட்டது.

அந்நிலையத்தைப் பின்பற்றி உலகெங்கும் நிலையங்கள் எழுந்தன. இந்தியாவில் 1900இல் கசௌலி மலைநகரிலும், 1907இல் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரிலும் அவை நிறுவப்பட்டன. கசௌலியிற் பணிபுரிந்த டேவிட் செம்பிள் 1911இல் ஒரு புதுமுறையைக் கண்டார். நோயுற்ற விலங்கின் மூளையைக் காபோலிக்கமிலத்தாற் பதப்படுத்தி, கிருமியைக் கொன்று, மருந்தாக்குவதே அம்முறை. இம்மருந்தைப் போத்தலில் அடைத்துத் தொலைவூர் வைத்தியசாலைகளுக்கு அனுப்பலாம். கடியுண்டவர் நூற்றுக்கணக்கான மைல் பிரயாணஞ் செய்ய வேண்டிய தேவை ஒழிந்தது. ஆனால் நாள்தோறும் ஒன்றாக 14 ஊசிகள், அவையும் வயிற்றில்! ‘தொப்புளைச் சுற்றி ஊசி’ என்னும் பேச்சைக் கேட்டே நடுங்கிய தலைமுறைகள் இலங்கையிலும் உண்டு; இந்தியாவிலும் உண்டு. அச்சம் காரணமாக இடையில் நின்றுவிட்டோர் பலர். மருந்தில் மூளைப்பொருள் கலந்திருந்தமையால் சிலருக்குப் பாரிசவாதமும் உண்டாயிற்று. உயிரணுக்களை வளர்த்து ஆக்கிய தூய மருந்துகள் பின்னாளில் வந்தன. இன்று புயத்தில் ஏற்றப்படும் சில ஊசிகளே போதும்.

இவ்வளவும் கடியுண்ட மனிதனைப் பற்றிய கதை. ஊசி மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், நாயிடத்துள்ள நோயை அது ஓர் அணுவும் குறைக்கவில்லை. ஒருவர் பிழைக்க, அதே தெருவில் அடுத்த நாய்க்கு நோய் பற்றிக்கொண்டிருந்தது.

நாயின் பக்கமாகத் திரும்பி வெற்றி கண்ட முதல் நாடுகளுள் பிரித்தானியா ஒன்று. அங்கு ஊசியின் துணை தேவைப்படவில்லை, சட்டமே போதியதாயிற்று. விவசாய சபையின் தலைவராயிருந்த வால்ரர் லோங், நோயுள்ள பகுதிகளில் நாய்கள் யாவற்றுக்கும் வாய்க்கூடு இடவேண்டுமென 1897 முதல் கடுங்கட்டளை பிறப்பித்தார். நாய்ப்பிரியர் அவரைத் தூற்றினர். எசமானும் நாயும் ஒருங்கே அவமதிக்கப்பட்டதாகக் கூச்சலெழுந்தது. லோங் அசையவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களை ஆறு மாதம் அடைத்துவைக்கும் விதியும் பிறந்தது. 1902இல் நோய் அத்தீவை விட்டு நீங்கியது. முதலாம் உலகப் போரின் முடிவில் படைவீரர் சிலர் பாசமிகுதியால் ஒளித்துக் கொணர்ந்த நாய்களால் 1918இல் அது மீண்டும் புகுந்தது. அதனை முற்றாக ஒழிக்க 1922 வரை செல்லலாயிற்று.

கடலாற் சூழப்பட்ட செல்வ நாட்டுக்கு இயன்றது ஏனைய நாடுகளுக்கு எளிதன்று. அவற்றுக்கு வேண்டியது, ஒரே ஊசியில் நாயைக் காக்கும் மருந்து. யப்பானியரான உமேனோவும் தோயியும் அத்தகைய மருந்தொன்றை 1921இல் வெளிப்படுத்தினர். 1948இல் கொப்ரோவ்ஸ்கி, கொக்சு என்னும் இருவர் நோய்க்கிருமியைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து வலிகுன்றச் செய்தனர். அதிலிருந்து இன்னும் சிறந்த மருந்து கிடைத்தது. பாஸ்ரர் இயலாதென விட்ட வழி இவ்வாறு அறுபதாண்டுகளின் பின் திறந்தது. அதே 1948இல் அமெரிக்காவின் மெம்பிசு நகரில் நோய் பரவியபோது நாய்களுக்குப் பெருந்தொகையாக ஊசியேற்றி அதனை அடக்கினர். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசியேற்றினால் நோய் தானே அணைந்துவிடும் என்னும் கணக்கு அக்காலத்து அனுபவத்தில் உருவாயிற்று. எஞ்சிய முப்பதில் ஒன்றுக்கு நோய் கண்டாலும், அது கடிக்கும் நாய்களிற் பெரும்பாலானவை காப்புடையன. தீ அடுத்த கூரைக்குத் தாவுவதில்லை.

யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் பார்த்த மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1952இல் கோலாலம்பூரிற் பரவிய நோய், நாய்களுக்குக் கட்டாயமாக ஊசியேற்றியதனால் விரைவில் அடங்கியது. யப்பான் 1950இல் சட்டமியற்றி, நாய்களைப் பதிவுசெய்து, ஆண்டுதோறும் ஊசியேற்றிற்று. ஏழே ஆண்டுகளில் நோய் அற்றுப்போயிற்று. 1957இல் அங்கு இறுதியாக நோயுற்ற விலங்கு நாயன்று, பூனை. பூனையை இவ்விடயத்தில் மறந்துவிடுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இலங்கையில் விசர் நோய்க் கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்துவிட்டது. நாய்ப் பதிவுச் சட்டம் 1901இல் வந்தது. யப்பானுக்கு அரை நூற்றாண்டு முந்திய சட்டங்கள்! ஆயினும் அவை நடைமுறையில் நாயைப் பிடித்துக் கொல்வதையே பெரிதும் நம்பின. கட்டாக்காலி நாய்களைக் கொன்றால் நோய் குறையும் என்பது பார்வைக்கு நேரிய கணக்குப் போலத் தோன்றும். கொல்லப்பட்ட நாய் உண்ட எச்சிலை உண்ண வேறு நாய் வரும். அது எங்கிருந்து வந்தது, நோயுடையதா என்பதை யார் அறிவார்? ஊசியேற்றிய நாயும் அவ்வேட்டையில் மடியுமாயின், உள்ள காப்பும் போகும். 1973ஆம் ஆண்டில் மட்டும் இத்தீவில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாளொன்றுக்கு ஒருவருக்கு மேல்.

1975இல் தேசிய விசர் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. நாய்களுக்கு ஊசியேற்றுதல் அதன் நடுநாயகமாயிற்று. மரணத்தொகை படிப்படியாக இறங்கியது. 2006இல் நாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டு, பெருக்கத்தைத் தடுக்கும் சத்திரசிகிச்சை முன்னிடம் பெற்றது. 2010களில் ஆண்டு மரணத்தொகை ஐம்பதுக்குக் கீழே வந்தது. சில ஆண்டுகளில் முப்பதையும் எட்டவில்லை. சனத்தொகை ஒன்றரை மடங்காகப் பெருகிய காலத்தில் நிகழ்ந்த குறைவு இது.

எஞ்சிய மரணங்களைத் தடுப்பது வீட்டு முற்றத்திலேயே தங்கியுள்ளது. விசர் என்றதும் வாலை மடக்கி, நுரை தள்ளி, தெருவில் ஓடும் நாயையே யாவரும் எண்ணுவர். ஊமை விசர் என்றொன்று உண்டு. அதில் நாய் சீறாது, ஓர் ஓரத்திற் சோர்ந்து கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், உணவை விழுங்க முடியாது திணறும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென எண்ணி, அன்போடு அதன் வாய்க்குள் விரலை விடும் எசமானனே பெரும் ஆபத்துக்கு உள்ளாகின்றான். நோயுற்ற பூனையோ இருளில் ஒதுங்கும். எடுக்கப் போனவர் முகத்திலும் கையிலும் பாயும். முகத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தூரம் குறைவாதலால் அக்கடி காலிற் பட்ட கடியினும் கொடியது.

கடித்த இடத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரம் கழுவுதல் வேண்டும். செல்சசுவின் சூட்டுக்கோல் செய்ய முயன்றதைச் சவர்க்காரம் வலியின்றிச் செய்கிறது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றை அப்புவது காயத்தைக் கெடுக்குமேயன்றி நோயைத் தடுக்காது. கழுவியதும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ அடித்துக் கொல்லாது கட்டிவைத்துப் பார்த்தல் நன்று. நோய் வெளிப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே உமிழ்நீரிற் கிருமி தோன்றுகிறது; ஆகவே பத்து நாட்கள் சென்றும் விலங்கு நலமாயிருப்பின், கடித்த வேளையில் அதன் வாயில் நோய் இருந்ததில்லை என்பது தெளிவு. ஊசி வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை வைத்தியர் அதனைக்கொண்டு தீர்மானிப்பார். கடித்தது நேற்றுத் தூக்கி வந்த குட்டிதானே, அதற்கு என்ன விசர் என்று வாளாவிருந்தோரும் இந்நோய்க்கு இரையாகியுள்ளனர். குட்டிக்கும் நோய் வரும்.

நாய்க்கும் பூனைக்கும் ஏற்றும் விசர்த் தடுப்பூசியை இலங்கை அரசு இலவசமாக வழங்குகிறது. ஊசி போடுவோர் கோவில் வீதியிலோ, சனசமூக நிலைய முன்றிலிலோ, பாடசாலை வாயிலிலோ வந்து அமர்வர்; கயிற்றிற் கட்டி வரும் நாய்களுக்கு ஊசியேற்ற ஓரிரு நிமிடமே செல்லும். பூனையைச் சாக்கிலோ கூடையிலோ வைத்துக் கொண்டுவரலாம். அடுத்த ஆண்டு அதே காலத்தில் மீண்டும் ஒரு முறை.