திருப்பணியின்போது தொல்லியல் கண்காணிப்பு

பழைய கோயில் ஒன்றில் தரை தோண்டப்படும்போதும், கல் பிரிக்கப்படும்போதும், சுண்ணாம்புப் பூச்சு உரிக்கப்படும்போதும் தொல்லியல் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து, வெளிப்படுவதை எல்லாம் அளந்து, படமெடுத்து, குறித்துவைக்கும் முறையே தொல்லியல் கண்காணிப்பு. இது அகழாய்வு அன்று. அகழாய்வில் தொல்லியலாளர் தாமே இடம் தேர்ந்து தோண்டுகிறார். இங்கே வேறு காரணத்துக்காக எப்படியும் தோண்டப்படும் இடத்தில் அவர் நின்று பார்க்கிறார். இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களில் இது நிலைபெற்ற வழக்கம். அங்குக் கட்டட வேலைக்குத் திருச்சபையின் முன் அனுமதி வேண்டும். மறைமாவட்டந்தோறும் தொல்லியல் ஆலோசகர் ஒருவர் உண்டு. மண் தோண்டும் வேலையாக இருந்தால் கண்காணிப்பை அனுமதியிலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு நிகரான தேவை எழும் இடம் கோயில் திருப்பணி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற மரபு இருப்பதால், தொல்லியல் நோக்கமே இல்லாத தோண்டல் இங்கே ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படித் தோண்டியதில் கிடைத்தவற்றைப் பார்த்தாலே கண்காணிப்பின் அவசியம் விளங்கும். விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987இல் சிவன் கோயில் திருப்பணியின்போது செப்புத் திருமேனிகளும் முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகளும் வெளிவந்தன. அக்கோயிலை எடுப்பித்தவர் அரசனின் குருவான சர்வசிவ பண்டிதர் என்பது அந்த ஏடுகளால் தெரியவந்தது. திருவானைக்காவலில் 2020 பிப்ரவரியில் பானை ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலை ஊரார் புதுப்பிக்கப் பிரித்தபோது அரைக் கிலோவுக்கும் மேலான பொன் கிடைத்தது. சீர்காழி சட்டைநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டிய இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் புதைந்திருந்தன. இவை தற்செயலாகத் தென்பட்டவை. பொன்னும் செம்பும் கண்ணைப் பறிப்பதால் தப்பின. ஆனால் அவை எந்த மண்ணடுக்கில் கிடந்தன, புதைத்தவர்கள் குழியை வெட்டினார்களா அல்லது பழைய அடித்தளத்தின் இடுக்கைப் பயன்படுத்தினார்களா, உடன் கிடந்த பானையோடு எக்காலத்தது என்பவையெல்லாம் பொக்லைன் வாளியோடு போய்விடும். பொருள் அருங்காட்சியகத்தில் நிலைத்திருக்கும்; அது புதைந்த வரலாற்றைத் திரும்பப் பெற முடியாது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்த இழப்புக்கு வாய்ப்பு மிகுதி. திருக்கோவலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் கபிலரைக் குறிப்பிடும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அவ்வூர்த் திருவிக்கிரமப் பெருமாள் கோயில் முன்பு செங்கல் தளியாக இருந்து விரிசல் கண்டது. இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் மிலாடு என்னும் நாட்டுப்பகுதியின் தலைவன் அதைக் கருங்கல்லால் மீண்டும் எடுப்பித்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆக, இன்று நாம் காணும் கற்கோயிலின் கீழே வேறொரு கோயிலின் சுவடு இருக்கக்கூடும் என்பதை ஊகத்தால் அல்ல, எழுத்தால் அறிகிறோம். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையேறும் வழியிலும் மலையூர்களிலும் நிலைமை வேறு. அங்கே பெருங்கோயில்கள் அரிது. ஊர்த் தெய்வங்களின் சிறு கோயில்களே மிகுதி. வேடியப்பனாக வணங்கப்படும் நடுகல்லைச் சுற்றிச் சிமென்ட் மேடை எழுப்பி டைல்ஸ் ஒட்டினால், கல்லின் கீழ்ப்பாதியில் உள்ள எழுத்து ஒரே நாளில் மறைந்துவிடும். அனுமதிக் கோப்பு எதுவும் இல்லாமலே நடக்கும் இச்சிறு வேலைகளைத்தான் நான் பெரிய கவலையாகக் கருதுகிறேன்.

எதிர்வாதங்களில் முதன்மையானது, கோயில் வழிபாட்டிடம், அருங்காட்சியகம் அன்று என்பது. இது முழு உண்மை; ஆனால் கண்காணிப்பு வழிபாட்டை நிறுத்தச் சொல்வதில்லை, இடிப்பதைக்கூடத் தடுப்பதில்லை. நம் முன்னோரும் இதைச் செய்திருக்கிறார்கள். செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது பழைய கற்களிலிருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அவை பழைய கல்லின் படி என்றும் அங்கேயே பொறிக்கப்பட்டது. பதிவு செய்த பின்னரே மாற்றுவது என்பது ஆகம விரோதமாக அவருக்குத் தோன்றவில்லை. கல்வெட்டுகளைத் தொல்லியல் துறை ஏற்கெனவே படியெடுத்துவிட்டதே என்பார்கள். படியெடுத்தவர்கள் அன்று கண்ணுக்குத் தெரிந்த எழுத்தையே எடுத்தார்கள். தரைமட்டம் உயர்ந்து அதிட்டானம் எனும் அடித்தளத்தின் ஜகதி, குமுதம் ஆகிய கீழ் உறுப்புகள் புதைந்த கோயில்களில், திருப்பணிக்கு மண்ணை அகற்றும் நாளில்தான் மீதி எழுத்து வெளியே வரும்.

செலவும் தாமதமும் அடுத்த தடை. உபயதாரர் பணத்தில், குறித்த முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டிய வேலையில் இந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் பல மாதம் நீளும் திருப்பணியில் மண் தோண்டும் நாட்கள் சிலவே. கண்காணிப்பாளர் அந்நாட்களில் இருந்தால் போதும். அதைவிட ஆழமானது, கிடைத்ததை அதிகாரிகள் எடுத்துப்போய்விடுவார்கள் என்ற அச்சம். உத்திரமேரூரில் ஊரார் பொன்னைத் தர மறுத்து நின்றது இதனால்தான். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை. ஆனால் கிடைத்த பிறகு மட்டும் அதிகாரி வந்தால் அவர் பறிக்க வந்தவராகவே தெரிவார். முதல் நாளிலிருந்தே உடனிருந்து எழுதிய பதிவு, பொருள் இந்த ஊருடையது என்பதற்கு ஊராரிடம் இருக்கும் சான்று. இதே மாவட்டத்து வீரசோழபுரம் சிவன் கோயிலில் களவுபோன திருமேனிகள் அமெரிக்காவில் இருப்பது 2022இல் அடையாளம் காணப்பட்டது. அதற்குக் கைகொடுத்தவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எடுத்துவைத்த பழைய ஒளிப்படங்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று கோயில் பாதுகாப்புக்கு 75 வழிகாட்டுதல்களை வழங்கியது. திருப்பணித் திட்டங்களை வல்லுநர் குழுக்கள் ஆராய்ந்து ஒப்புதல் தரும் முறையும் உண்டு. எனினும் வரைபடத்தைப் பார்த்துத் தரும் ஒப்புதல் மண்ணுக்குள் இருப்பதை அறியாது. ஒப்புதல் ஆணையில், தோண்டும் நாட்களில் தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை இந்து சமய அறநிலையத் துறை சேர்க்க வேண்டும். துறையின் கீழ் வராத மலையூர்க் கோயில்களில், கல்லை நகர்த்தும் முன் நாற்புறமும் படமெடுத்து வட்டாட்சியருக்கோ மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அனுப்பும் பொறுப்பைத் திருப்பணிக் குழுவினரே ஏற்றுக்கொள்ளட்டும்.