சாயம் பூசிய வீட்டுத் திரை (ஜார்ஜ் டவுன்)

புரொஜெக்டர் படம் விழுவதற்காகச் சமதளப் பரப்பில் சாயம் பூசி வீட்டிலேயே அமைக்கும் திரை. பளபளப்பற்ற வெள்ளை, ஒளியை எல்லாப் பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறடிக்கும். மினுக்குச் சாயம் நடுவில் ஒளிப்பொட்டை உண்டாக்கும். வெளிச்சம் முற்றும் அடங்காத கூடத்துக்கு நடுநிலைச் சாம்பல் நிறம் ஏற்றது: கறுப்பு ஆழமாகும், பிரகாசம் சற்றுக் குறையும்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள பழைய கடைவீடுகளின் செங்கல் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்தப் பூச்சின் வழியேதான் ஆவியாகி வெளியேறுகிறது. அதன்மேல் திரைக்கான அக்ரிலிக் சாயம் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும், உப்புப் பூக்கும், சாயம் உரியும், நூற்றாண்டு கண்ட சுவரும் சிதையும். ஆகவே இத்தகைய வீடுகளில் சுவரில் நேரடியாகப் பூசவே கூடாது. ஒட்டுப்பலகையைத் தேய்த்து, அடிப்பூச்சுக்குப் பின் குட்டை இழை உருளையால் இரண்டு மூன்று முறை பூசி, சுவரிலிருந்து காற்றிடைவெளி விட்டு மாட்டுவதே முறை. பலகையின் பின்புறத்துக்கும் பூச்சு தேவை. இல்லையெனில் பினாங்கின் ஈரக்காற்றில் அது வளையும்.

16:9 விகிதத்தில் 100 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 221 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் வேண்டும். சுற்றிலும் கறுப்பு வெல்வெட் பட்டை ஒட்டினால் விளிம்பு மீறும் ஒளி அடங்கும்.