தலைமன்னாரில் ஓராண்டு

எமது பள்ளியின் வரலாற்றை எழுத வருபவர் எவரும் எலைசா அக்னியூ அம்மையாரைத் தாண்டிப் போக முடியாது. 1840இல் அமெரிக்காவிலிருந்து உடுவிலுக்கு வந்தவர், 1883இல் மானிப்பாயில் கண்மூடும்வரை ஒரு தடவையேனும் தாயகம் திரும்பவில்லை. விடுதியில் இருந்த காலத்தில் நூறு தரம் கேட்ட கதைதான். அதன் பாரம் எனக்கு விளங்கியது 63 வயதில். திருச்சபையின் வேண்டுகோளின்படி, ஓய்வுபெற்ற ஆசிரியர்களான நானும் கணவரும் 2016இல் ஓராண்டு ஊழியத்துக்காகத் தலைமன்னாருக்குப் போனோம். சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி வழியாக பஸ்ஸில் அரைநாள் பயணம். அதற்கே இரண்டு இரவு அழுதேன்!

யாழ்ப்பாணத்தாருக்குத் தலைமன்னார் என்றால் கப்பல்துறை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடி இருகரை ரயில்களையும் இணைத்தது. அதற்கு முன் மலையகத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் ஏராளம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பல் 1980களில் போருடன் நின்றது, 1990இல் ரயிலும் நின்றது. நாங்கள் போனபோது ரயில் திரும்பி வந்து ஓராண்டுதான். கடற்கரையில் நின்றால் கைபேசி, இந்தியாவுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பும். கணவர் ஒவ்வொரு முறையும் அதை எனக்கு வாசித்துக் காட்டுவார்.

மாலை வகுப்புக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் 15 வயதுப் பெண்ணொருத்தி மண்டபம் முகாமில் பிறந்து, பெற்றோருடன் திரும்பி வந்தவள். "டீச்சர்" என்று கூப்பிடுவாள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். குறள் என்னைவிட அவளுக்கு அதிகம் தெரியும். மண்டபம், தோட்டங்களுக்கு வருவோரைத் தடுத்துவைத்து நோய் பார்த்து அனுப்புவதற்காக அன்றைய இலங்கை அரசு அக்கரையில் நடத்திய முகாம். அதே இடத்தில் எங்கள் சனம் அகதிகளாய்ப் போயிருந்ததை அந்தப் பிள்ளை சொல்லித்தான் சேர்த்து நினைத்துப் பார்த்தேன். வரலாறு படிப்பித்தவள் நான்!

அவளிடம் இலங்கைக் குடியுரிமைப் பதிவு இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பதிவு வேண்டும். தகப்பன் கடலுக்குப் போகிறவர், ஒருநாள் அலைந்தால் ஒருநாள் உழைப்புப் போய்விடும். ஆகவே கணவர் கடிதங்களைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். ஓரிடத்தில் இன்னோரிடத்துக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் பழைய இடத்துக்கே திரும்பச் சொன்னார்கள். நாங்கள் வந்த வேலை இதுவா என்று ஒருநாள் கோபமாகக் கேட்டுவிட்டேன். "வேறென்ன வேலைக்கு வந்தனாங்கள்?" என்றார் அவர். எனக்குப் பதில் வரவில்லை.

பத்தாம் மாதம் பதிவு கிடைத்தது. அன்று பின்னேரம் தாய் பெரிய பாரை மீனொன்றுடன் வந்து, எங்கள் குசினிக்குள் புகுந்து தானே வெட்டிக் குழம்பு வைத்துவிட்டுத்தான் போனார். "ரீச்சர், நீங்கள் வெட்டினால் மீன் பாழ்" என்றார். உண்மைதான்.

புறப்படும் நாளில் ரயில் நிலையத்துக்கு எல்லோரும் வந்தார்கள். அந்தப் பிள்ளை, "எப்ப ரீச்சர் திரும்பி வருவீங்கள்?" என்று கேட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போதும் மாதமொருமுறை யாழ்ப்பாண பஸ்ஸில் எங்களுக்கு ஒரு கருவாட்டுப் பொதி வரும். கொண்டக்டர் இறக்கித் தருவார்.