லூல்கந்துராவில் ஒரு நாள்

டிக்கோயாவில் வளர்ந்த நமக்குத் தேயிலைச் செடி புதுமையன்று. எனினும் இலங்கையில் முதன்முதல் வர்த்தகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட இடத்தைக் காணும் அவா எம்மைக் கண்டி மாவட்டத்து லூல்கந்துராத் தோட்டத்துக்கு இட்டுச் சென்றது.

1852ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர், 1867இல் இங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று மலைநாட்டை ஆண்டது கோப்பி. 1869இல் அதன் இலைகளில் துருநோய் தோன்றிற்று. 20 ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழில் வீழ்ந்தது. டிக்கோயா உட்பட, கோப்பி அழிந்த சரிவுகளில் தேயிலை தழைத்தது.

டெயிலரின் குடிலில் எஞ்சிய புகைபோக்கியையும், அவர் அமர்ந்த கல்லாசனத்தையும் கண்டு வியந்தோம். ஆயின் காடு வெட்டிக் குழி தோண்டிச் செடி நட்ட நம் முன்னோரின் பெயரை நாம் கண்ட கல் எதிலும் காணோம். 1892இல் டெயிலர் மறைந்தபோது, அவருடலைக் கண்டி வரை மாறி மாறித் தோளிற் சுமந்து சென்றவர் தோட்டத் தொழிலாளரே. மகியாவ மயானத்தில் அவர் பெயர் பொறித்த கல் நிற்கிறது. சுமந்தவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

டெயிலரின் புகழ் அவருக்கு உரியதே. அதில் நாம் பொறாமை கொள்ளோம். நம்மவர் பெயரை எழுதி வைக்கும் கடமை நம்முடையது. பெரியோர்களே! உங்கள் பாட்டன் பாட்டியர் பெயரையும், புறப்பட்டு வந்த ஊரையும், வேலை செய்த மலையையும் சொல்லுங்கள். இளைஞர்களே! லயந்தோறும் சென்று கேட்டு எழுதுங்கள். சொல்ல வல்லோர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்குக!