லௌஷாவின் கண்ணாடிக் கனிகளும் ஸோனபெர்க்கின் பொம்மைகளும்

ஜெர்மனியின் நடுப்பகுதியிலே துரிங்கியா என்று ஒரு மலைப் பிரதேசம் உண்டு. அதன் தென்சரிவில், ஊசியிலை மரங்கள் அடர்ந்த குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் லௌஷா என்ற சிற்றூரும், மலை இறங்கித் தாழ்நிலம் தொடங்கும் இடத்தில் ஸோனபெர்க் என்ற பட்டணமும், அதிகாலையில் புறப்பட்டால் இரவுக்குள் நடந்து போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் அமைந்திருக்கின்றன. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற கண்ணாடிக் குண்டும், அந்த மரத்தடியில் குழந்தைக்காக வைக்கப்படுகிற பொம்மையும் ஒரு காலத்தில் இவ்விரண்டு ஊர்களிலிருந்தே கடல் கடந்து பல தேசங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. இப்போது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், இயந்திரத்தில் வார்த்த பண்டங்களில் சலிப்படைந்த மக்கள், பழைய பாணியிலான பண்டிகை அலங்காரங்களையும் எளிய பொம்மைகளையும் தங்கள் கையாலேயே செய்துகொள்வதில் மிகுந்த ஆர்வம் காட்டிவருகிறார்கள். அந்த ஆர்வம் போற்றத் தக்கதே. ஆனால் அவர்கள் நாடுகிற பழமை எந்த வீடுகளில், எவருடைய கைகளில், என்ன கூலிக்குப் பிறந்தது என்பதை அறியாமல் அதன் அழகை மாத்திரம் அனுபவிப்பது, அதைச் செய்து வாழ்ந்தவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி என்பது என் அபிப்பிராயம்.

லௌஷாவின் கதை 1597-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஸ்வாபியாவிலிருந்து வந்த ஹான்ஸ் கிரைனர், பொஹீமியாவிலிருந்து வந்த கிறிஸ்டோப் முல்லர் என்ற இரு கண்ணாடித் தொழிலாளிகள், கோபுர்க் நாட்டை ஆண்ட யோஹான் காசிமிர் என்னும் பிரபுவிடம் அநுமதி பெற்று, மனிதர் குடியேறாத அந்தக் காட்டிலே ஓர் உலையை மூட்டினார்கள். கண்ணாடி உலை இராப்பகலாக விறகைத் தின்பது; ஆகையால் விறகுக்கு வேறு கிராக்கி இல்லாத ஆழ்ந்த காடே அதற்கு உகந்த இடம். உருக்குவதற்கு மணலும், மணலை இளக்குவதற்கு மரச் சாம்பலிலிருந்து எடுக்கும் உப்பும் பக்கத்திலேயே கிடைத்தன. விளை நிலம் மாத்திரம் இல்லை. பள்ளத்தாக்கின் இரு பக்கங்களிலும் செங்குத்தாக எழும் சரிவுகளில் கற்பலகை வேய்ந்த வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரில், கிரைனர் என்றும் முல்லர் என்றும் பெயர் கொண்ட குடும்பங்கள் பல்கிப் பெருகியபோது, பெரிய உலை ஒன்றினால் அத்தனை பேருக்கும் ஜீவனம் நடப்பது அசாத்தியமாயிற்று.

அந்த நெருக்கடிக்குப் பரிகாரமாக வந்தது விளக்கு. பதினெட்டாம் நூற்றாண்டிலே, உலையில் இழுத்த கண்ணாடிக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுபோய், மேஜையின்மேல் எரியும் விளக்கின் சுடரைத் துருத்தியால் கூர்மையாக்கி, அதில் குழாயை மீண்டும் இளக்கிச் சிறு பொருள்கள் செய்யும் வித்தை அவ்வூரில் வேரூன்றியது. மணிகளும் பாசிகளும் முதலில் வந்தன. பின்னர்ப் பொம்மைகளுக்கான கண்கள் வந்தன. அவற்றில் கை தேர்ந்த லுட்விக் முல்லர்-ஊரி என்பவர், 1835-இல், கண்ணிழந்த மனிதர்களுக்குப் பொருத்தும் கண்ணாடிக் கண்களையும் செய்யத் தலைப்பட்டார். விளையாட்டுப் பொம்மைக்கு விழி செய்த கை, விபத்திலோ யுத்தத்திலோ கண்ணை இழந்தவனுடைய முகத்துக்குத் தோற்றம் தந்தது என்பது இத்தொழிலின் சரித்திரத்தில் பெருமையோடு சொல்ல வேண்டிய விஷயம்.

ஜெர்மானியர் தம் இல்லங்களில் நட்டு வைத்த பண்டிகை மரத்தில் ஆதியில் தொங்கியவை ஆப்பிள் பழங்களும், வாதுமைக் கொட்டைகளும், மாவினால் செய்த தின்பண்டங்களுமே. பழமும் பருப்பும் வாங்க வழியில்லாத ஏழைத் தொழிலாளி ஒருவன், தன் குழந்தைகளின் மனம் நோகாதபடி அவற்றைக் கண்ணாடியில் ஊதித் தொங்கவிட்டான் என்று லௌஷாவில் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியானாலும், 1848-ஆம் ஆண்டின் கணக்குப் புத்தகம் ஒன்றில், மரத்துக்கான கண்ணாடிக் குண்டுகள் டஜன் கணக்கில் விற்பனைக்குப் பதிவாகியிருக்கின்றன. அதுவே இத்தொழிலின் முதல் சாசனமாகக் கருதப்படுகிறது.

அப்போதைய குண்டுகள் கனத்தவை. உட்புறம் ஈயக் கலவை பூசியவை. 1867-இல் ஊருக்கு எரிவாயு நிலையம் வந்து சேர்ந்த பிறகே, வெப்பமும் நிதானமும் மிக்க சுடர் ஒவ்வொரு வீட்டு மேஜைக்கும் கிடைத்து, காகிதம்போல் மெல்லிய சுவருடைய பெரிய குண்டுகளை ஊதுவது சாத்தியமாயிற்று. 1870-ஐ ஒட்டி, ரசாயன மேதை யுஸ்டஸ் ஃபான் லீபிக் கண்ணாடிக்கு வெள்ளி பூசுவதற்காக வகுத்த முறையும் இங்கே பிரயோகத்துக்கு வந்தது.

அந்த வேலையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். ஊதுகிறவர் குழாயைச் சுடரிலே காட்டி, இரு கைகளாலும் ஒரே சீராக உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கணம் உருட்டல் தவறினாலும் இளகிய கண்ணாடி ஒரு பக்கமாகத் தொய்ந்துவிடும். நடுப்பகுதி செந்நிறமாகி நெகிழ்ந்ததும் அதைச் சுடரிலிருந்து வெளியே எடுத்து, ஒரே மூச்சில், மிக மெதுவாக ஊத, குழாயின் முனையிலே குண்டு திரண்டு வரும். பழமோ, பறவையோ, தேவதையின் முகமோ வேண்டுமானால், இளகிய நிலையிலேயே அதை இரு பாதியாகத் திறக்கும் அச்சுக்குள் வைத்து ஊதுவார். ஆறிய பின், குழாயின் மிச்சமான காம்பு வழியாக, வெள்ளியுப்புக் கரைசலும் சர்க்கரை சேர்ந்த கரைசலும் சிறிதளவு உள்ளே செலுத்தப்படும். அதை வெதுவெதுப்பான நீரில் பிடித்துக் குலுக்கினால், முதலில் மங்கலாக ஒரு கருமை படர்ந்து, பின்பு திடீரென்று உட்சுவர் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடியின் பளபளப்பு ஏறிவிடும். எஞ்சிய நீரைக் கொட்டிவிட்டு, வெளியே வர்ணச் சாயத்தில் தோய்த்து, ஆணிகள் வரிசையாக அடித்த பலகையில் தலைகீழாகச் செருகி, அடுப்புக்கு அருகே உலர வைப்பார்கள். பறவைக்கு நூல்போல் இழுத்த கண்ணாடி இழைகளை வாலாக ஒட்டுவதும், சுருள் கம்பியைப் படகின்மேலும் பலூனின்மேலும் வலைபோலச் சுற்றுவதும், காம்பை அறுத்துத் தகர மூடி பொருத்துவதும் அதன் பிறகு.

இத்தனையும் நடந்த இடம், சமையலும் நித்திரையும் நடந்த அதே வீடு. தகப்பன் ஊதுவான், தாய் வெள்ளி ஏற்றுவாள், பெரிய பெண் தூரிகையால் கோடும் பூவும் தீட்டுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுவர் காம்பு அறுத்து, மூடி மாட்டி, அட்டைப் பெட்டிகளில் அடுக்குவார்கள். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வேலை நள்ளிரவையும் தாண்டும். சாயத்தின் நெடியும் எரிவாயுவின் புழுக்கமும் சூழ்ந்த அந்த அறைகளிலேதான் பிறர் வீட்டுப் பண்டிகைகளுக்கான ஒளி தயாராயிற்று. குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தி 1903-இல் ஜெர்மனி செய்த சட்டம் சொந்தக் குடும்பத்தின் பிள்ளைகளையும் ஓரளவு தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. ஆயினும் மூடிய கதவுகளுக்குப் பின்னே நடக்கும் வேலையைக் கண்காணிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதாக இருக்கவில்லை.

செய்து முடித்த சரக்கை விற்கும் வழி ஸோனபெர்க் வழியாகவே சென்றது. 1886-இல் ரயில் பாதை லௌஷாவை எட்டும் வரைக்கும், அதன் பின்னரும் பல காலம், பெண்கள் தங்கள் தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கூடைகளை முதுகில் சுமந்து, மலைப்பாதையில் இறங்கி, வியாபாரிகளின் கிடங்குகளுக்குச் சென்றார்கள். ஸோனபெர்க் வியாபாரிகளின் செல்வாக்கு நெடுநாளையது. மைனிங்கன் பிரபுவான முதலாம் கியோர்க், 1789-இல் அவர்களுக்கு விசேஷ உரிமைச் சாசனமே வழங்கியிருந்தார். செய்கிறவர்கள் நேரே வெளிநாட்டாரோடு பேச வழியில்லை. மாதிரியைக் கொடுப்பவரும், விலையை நிர்ணயிப்பவரும், குறை கண்டு சரக்கைத் தள்ளுபவரும் அவ்வியாபாரியே. கனமில்லாத அந்தக் கூடை வழியில் தவறி விழுந்தால் வீடு முழுவதும் பல நாள் பட்ட பிரயாசை நொடியில் சுக்குநூறாகும். அந்த நஷ்டம் சுமந்து வந்தவளைச் சேர்ந்தது.

ஸோனபெர்க்கின் சொந்தச் சிறப்புப் பொம்மைகளில் விளங்கியது. பண்டைக் காலத்தில் மரம் செதுக்கியும், மாவும் பசையும் பிசைந்தும் அங்கே பொம்மை செய்தார்கள். மாவுப் பொம்மையை எலியும் பூச்சியும் அரித்துவிடும். 1805 வாக்கில், நம் ஊரில் கொலு பொம்மை செய்வோரும் நன்கு அறிந்த காகிதக் கூழ் அங்கே புகுந்து, அத்தொழிலின் போக்கையே மாற்றிவிட்டது. கூழை அச்சில் அழுத்தித் தலையும் கைகால்களும் எடுப்பது கற்றுக்கொள்ள எளிது. ஆகவே சுற்றுவட்டாரக் கிராமங்கள் யாவும் அதில் இறங்கின. அழுத்துகிறவர் ஒரு வீட்டார். விழி பதிப்பவர் இன்னொரு வீட்டார். முகம் தீட்டுபவர், மயிர் ஒட்டுபவர், உடலுக்குள் மரத்தூள் அடைப்பவர், சட்டை தைப்பவர் என்று ஒவ்வொருவரும் வேறு வேறு. முழுப் பொம்மையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையாவது தாமே செய்து பார்த்தவர் அபூர்வம். முகத்தின் உட்புறத்திலிருந்து விழியை வைத்து, பார்வை இரு கண்ணிலும் ஒரே திசையில் நிற்கும்படி சரிபார்த்த பின்னரே அதை நிலைப்படுத்துவார்கள். மயிரிழை பிசகினாலும் பொம்மை மாறுகண் ஆகிவிடும். அந்த விழிகள் மேலேயிருந்த லௌஷாவிலிருந்து வந்தவை. பிற்காலத்தில் அருகிலுள்ள கோப்பல்ஸ்டார்பில் ஆர்மாண்ட் மார்ஸெய் போன்றோர் நடத்திய ஆலைகள் பீங்கான் தலைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. முதல் உலக யுத்தத்துக்கு முன்பு, உலகச் சந்தையில் விற்ற விளையாட்டுப் பொருள்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பிராந்தியத்துடையது என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தப் புகழுக்கு இரு முகங்கள் இருந்தன. 1910-ஆம் ஆண்டு பிரஸல்ஸ் நகரத்து உலகக் கண்காட்சியில், துரிங்கியக் கிராமத் திருவிழாவொன்றை ஆளுயரப் பிரதிமைகளால் அப்படியே அமைத்துக் காட்டி ஸோனபெர்க் கீர்த்தி பெற்றது. அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1906-இல், பெர்லினில் வேறொரு கண்காட்சி நடந்தது. வீட்டுத் தொழிலாளர் செய்த பொருள்களை வரிசையாக வைத்து, இதற்கு இத்தனை மணி வேலை, இவ்வளவுதான் கூலி என்று ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் கட்டியிருந்தார்கள். அதற்காகக் கேத்தே கொல்விட்ஸ் என்ற ஓவியர், களைத்துச் சோர்ந்த பெண்ணொருத்தியின் முகத்தை விளம்பரச் சித்திரமாக வரைந்தார். அது ஜெர்மானியச் சக்கரவர்த்தினிக்குப் பிடிக்கவில்லை. பிரஸல்ஸ் காட்சி ஸோனபெர்க் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சரித்திரத்துக்கு அவசியமானது எது என்று என்னைக் கேட்டால், பெர்லின் சீட்டுகளையே நான் சொல்வேன்.

அமெரிக்க வாசலைத் திறந்தவர் ஃபிராங்க் உல்வொர்த். பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டரில் சில்லறைக் கடை வைத்திருந்த அவர், 1880-இல், விற்காது என்ற சந்தேகத்தோடேயே, சுமார் இருபத்தைந்து டாலருக்குக் கண்ணாடி அலங்காரங்களை வாங்கினார். அவை இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன. பத்து வருஷம் கழித்து அவரே ஜெர்மனிக்குக் கொள்முதலுக்குப் புறப்பட்டார். கடல் கடந்த பொம்மையை வாங்க வசதியில்லாத அமெரிக்கக் குடியானவர் வீடுகளில் தாய்மார் கந்தைத் துணியைச் சுருட்டிப் பொம்மை கட்டினார்கள். ரோட் ஐலண்டைச் சேர்ந்த இஸான்னா வாக்கர் என்ற பெண்மணி, துணியை அழுத்தி உருவாக்கி எண்ணெய் வர்ணம் தீட்டும் பொம்மைக்கு 1873-இல் காப்புரிமையே பெற்றார். இன்று எளிய பழம்பாணிப் பொம்மை செய்வோர் பலர் முன்மாதிரியாகக் கொள்வது அத்தகைய துணிப் பொம்மைகளைத்தான். புதுத் துணியைக் காப்பியிலும் தேயிலையிலும் நனைத்துப் பழுப்பேற்றுகிறார்கள்.

இரண்டு யுத்தங்கள் லௌஷாவை உலகத்திலிருந்து துண்டித்தன. இரண்டாம் யுத்தத்தின் தொடக்கத்தில், மின்விளக்குக் குமிழ் வார்க்கும் கார்னிங் நிறுவனத்தின் இயந்திரம், பென்ஸில்வேனியாவின் வெல்ஸ்பரோவில், பண்டிகைக் குண்டுகளையும் வார்க்கத் தொடங்கியது. கைத்தொழிலாளி நாள் முழுவதும் ஊதுவதை அது சில நிமிஷங்களில் முடித்தது. யுத்தம் ஓய்ந்தபின் தேசம் பிளவுபட, லௌஷாவும் ஸோனபெர்க்கும் கிழக்கு ஜெர்மனியில் அகப்பட்டுக்கொண்டன. ஸோனபெர்க்குக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த நாய்ஸ்டாட் என்ற ஊர் மேற்கே போயிற்று. எல்லையைக் கடந்து குடியேறிய குடும்பங்கள் சில அங்கே அதே தொழிலைத் தொடர்ந்தன. கிழக்கில் தங்கியவர்கள் நாளடைவில் அரசாங்க ஆலைகளில் வேலை செய்தார்கள். 1990-இல் தேசம் ஒன்றானபோது ஆலைகள் கலைந்தன. விளக்கு மீண்டும் வீட்டு மேஜைக்கே வந்தது.

கையால் கண்ணாடி செய்யும் அறிவை ஜெர்மனி உள்ளிட்ட ஆறு தேசங்களின் பொதுப் பாரம்பரியமாக 2023-இல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. லௌஷாவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில் இன்றும் குண்டுச் சந்தை கூடுகிறது. பழைய பொருள்களைச் சேகரிப்போரின் பட்டியல்களிலோ, ஆலையின் பெயரும் அச்சின் எண்ணும் இருக்கின்றனவே ஒழிய, வெள்ளி ஏற்றிய தாயின் பெயரும், விழி பதித்த பெண்ணின் பெயரும் பெரும்பாலும் இல்லை. ஆகையால் இன்று இந்தக் கைவேலையில் ஈடுபடுவோர் தங்கள் பெயரையும், ஊரையும், ஆண்டையும் தாங்கள் செய்யும் ஒவ்வொரு பொருளின் அடியிலும் அவசியம் எழுதிவைக்க வேண்டும். அதை வாங்குகிறவர்கள் பேரம் பேசாமல் அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும்.