நேரு ஸ்டேடியத்தில் ஒரு சாம்பியன் அணி இருந்தது

பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினால் மேட்டுப்பாளையம் ரோடு வழியாக நேரே காந்திபுரம். அங்கிருந்து வ.உ.சி. பூங்கா பக்கம் போனால் நேரு ஸ்டேடியம். நம்மில் பலருக்கு அது காலையில் வாக்கிங் போகிற இடம், அவ்வளவுதான். இந்திய கால்பந்து லீக் பட்டம் ஒன்று அங்கே முடிவானது என்று ஆபீஸில் சொன்னால், "நிஜமாவாங்க?" என்கிறார்கள்.

நிஜம்தாங்க. 1991-92 சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டியே கோவையில்தான் நடந்தது. கேரளா 3-0 என்று கோவாவை வென்றது. ஆனால் நான் சொல்ல வந்தது 2019 மார்ச் 9, சனிக்கிழமை.

சென்னை சிட்டி எஃப்.சி. 2017-ல் தன் சொந்த மைதானமாகக் கோவையைத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். 2018-19 ஐ-லீக்கின் கடைசி நாளில் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னிலை. இங்கே நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாபுடன் ஆட்டம். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவுடன்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல். கேலரியில் ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் செல்போனில். சிந்தெடிக் ஓடுபாதைக்கு அப்பால் ஆட்டம் நடப்பதால் பந்து சிறிசாகத்தான் தெரியும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சியின் பெனால்டி, பிறகு கௌரவ் போராவின் இரண்டு கோல்கள். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனாலும் 43-க்கு 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி! பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

2021-க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை.

ஏன் நிலைக்கவில்லை? ஓடுபாதை தூரத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் 1936 ஒலிம்பிக்குக்குக் கட்டின பெர்லின் ஸ்டேடியத்திலும் ஓடுபாதை இருக்கிறது. ஹெர்த்தா அணியின் ரசிகர்கள் புலம்பிக்கொண்டேதான் வருகிறார்கள், ஆனால் வருகிறார்கள். டார்ட்மண்டில் தெற்கு கேலரியில் மட்டும் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி உண்டு. ஒரு சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். உறுப்பினர் என்றால் பெரும்பாலும் சந்தா கட்டுகிற சாதாரண ரசிகர். பணம் போட்டவர் நினைத்தபடியெல்லாம் கிளப்பை ஆட்டிவைக்க முடியாது.

நம்மிடம் என்ன இருந்தது? பெயர் சென்னை, மைதானம் கோவை. முடிவெடுக்கும் இடத்தில் கேலரிக்காரர் ஒருவரும் இல்லை. டிக்கெட் வாங்கினோம், கத்தினோம், வீட்டுக்குப் போனோம். அணி போனபோது யாரும் நம்மிடம் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நாமும் போகவில்லை.

போன மாதம் மகனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். ஓடுபாதையில் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் உட்கார்ந்த இடத்தைக் காட்டினேன். "அந்த டீம் இப்ப எங்கப்பா?" என்றான்.

அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதி வைக்கிறேன்.