பழைய எஞ்சின் ஆயில் மறுசுழற்சி: சட்டம் எந்த இடத்தில் செயல்பட வேண்டும்?

எஞ்சினில் ஓடிய மசகு எண்ணெய் அழுக்கடைகிறதே தவிர அழிந்துபோவதில்லை. அதிலுள்ள நீர், கரி, உலோகத் துகள், சிதைந்த சேர்க்கைப் பொருள்களை நீக்கினால் அடிப்படை எண்ணெய் மீண்டும் கிடைக்கும். 42 கேலன் கச்சா எண்ணெயிலிருந்து பெறும் இரண்டரை குவார்ட் மசகு எண்ணெயை, ஒரு கேலன் பழைய எண்ணெயிலிருந்தே பெறலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இத்தகைய வளத்தை மீட்க முனையும் சட்டம், எண்ணெய் வடிக்கப்படும் இடத்தில் அதன் விலையை மாற்றினால்தான் பலன் தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்க அனுபவம் இதற்குச் சான்று. பழைய எண்ணெயை அபாயகரமான கழிவுப் பட்டியலில் சேர்க்க 1985இல் அம்முகமை முன்மொழிந்தது. பட்டியலிட்டால் அதைச் சேகரிக்கவே பலர் தயங்குவர் என்று கருதி, 1986இல் அம்முயற்சியைக் கைவிட்டது. அந்தக் காரணம் சட்டப்படி செல்லாது என 1988இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதியில் 1992இல், பட்டியலில் சேர்க்காமலேயே, சேமிப்பு, போக்குவரத்து, எரிப்பு ஆகியவற்றுக்குத் தனி விதிகள் வந்தன. ஆனால் வீட்டு வாசலில் தானே ஆயில் மாற்றுபவரை அவ்விதிகள் கட்டுப்படுத்தவில்லை. அவருக்கு அந்த எண்ணெயால் ஒரு காசு வரவும் இல்லை. கலிபோர்னியாவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இடைவெளியைக் கவனித்தது. விற்கப்படும் ஒவ்வொரு குவார்ட்டுக்கும் உற்பத்தியாளரிடம் 4 சென்ட் வசூலித்து, சேகரிப்பு மையங்களில் திரும்ப வரும் எண்ணெய்க்கு ஊக்கத்தொகை வழங்கியது.

இந்தியாவின் சிக்கல் வேறு. இங்கே ஆயில் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில்தான் மாற்றப்படுகிறது. ‘வேஸ்ட் ஆயில்’ சாக்கடைக்குப் போவதைவிட வியாபாரியிடம் போவதே வழக்கம். அங்கிருந்து அது சென்ட்ரிங் பலகைக்கும் உலைக்கும் போகிறது. முறையான வடிகட்டும் அமைப்பில்லாத உலையில் எரிந்தால், அதிலுள்ள உலோகங்கள் புகையோடு காற்றில் கலக்கின்றன. ஏற்கெனவே விலையுள்ள பொருளைச் சரியான வாங்குநரிடம் சேர்ப்பதே நம் சட்டத்தின் வேலை.

2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அபாயகரமான கழிவு மேலாண்மைத் திருத்த விதிகள் இத்திசையில் எடுத்த முக்கியமான அடி. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் முதலாண்டில் 5 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக 50 விழுக்காடு வரை மறுசுழற்சிப் பொறுப்பை ஏற்க வேண்டும். மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி அதை நிறைவேற்றலாம். ஆயினும் சான்றிதழின் வருவாய் ஆலையோடு நின்றுவிட்டால், உலைக்காரர் லிட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தந்தாலே எண்ணெய் அவரிடம் போய்விடும். ஆகவே அதில் ஒரு பங்கு, பதிவுபெற்ற சேகரிப்பாளர் வழியாக ஒர்க்‌ஷாப்பைச் சென்றடைவதை விதியே உறுதிசெய்ய வேண்டும்.

கண்காணிப்பை இறுக்கினால் போதாதா என்று கேட்கலாம். தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு பட்டறைகளை எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாலும் நாள்தோறும் சோதிக்க இயலாது. விலை கூடினால் கலப்படமும் கூடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு அமெரிக்க விதியிலேயே வழி உண்டு. ஆலசன் அளவு 1,000 பிபிஎம்மைத் தாண்டினால், அபாயகரமான கழிவு கலந்ததாகவே அங்கு கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது எண்ணெயை வைத்திருப்பவரின் பொறுப்பு. இத்தகைய சோதனையைச் சேகரிப்பு நிலையிலேயே கட்டாயமாக்கி, தேறிய எண்ணெய்க்கு மட்டும் ஊக்கத்தொகை தரலாம். மெக்கானிக்குக்கு நேர்வழியே லாபவழியாகும்போது, இலக்கு விழுக்காடுகள் தாளைவிட்டு நடைமுறைக்கு வரும்.